கொல்லைப்பக்கத்துச் சரிவு

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இராஜாங்கத்தின் கண் முதலில் படியில்தான் விழும். கல்யாணத்துக்குப் போனால் ஊரே பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும். இவர் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு உயரம் என்று காலால் அளந்துகொண்டிருப்பார். மேஸ்திரி வந்துவிட்டார், இனிப் பந்தி நடந்தாற்போலத்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். மேஸ்திரி என்றால் அவருக்குக் கோபம் வராது. இன்ஜினியர் என்று யாராவது சொன்னால்தான் முகம் சுருங்கும். ரோடும் மதகும் போடுகிற இடத்தில் நின்று வேலை பார்க்கிற ஓவர்சீயர், அவ்வளவுதான். குத்தாலத்தில் குடியிருந்தார். சொந்த ஊர் அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அகரவெளி.

லீவு நாளில் அவரைத் தேடி ஆள் வரும். மாடி வீடு கட்டுகிறவன் வரமாட்டான். சங்கம், ஜமாத், மாதர் மன்றம், வாசகசாலை என்று பொதுவில் ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் வருவார்கள். மழையில் ஒழுகுகிறது, வெயிலில் வேகிறது, வயசானவர்கள் ஏற முடியாமல் வாசலோடு திரும்பிப் போகிறார்கள் என்பார்கள். இராஜாங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எதையும் இடித்துத் தள்ளச் சொல்லமாட்டார். தட்டினால் கணீரென்று கேட்கிற செங்கல்லை வீணாக்கவும் விடமாட்டார். இருக்கிற சுவரிலேயே மேலே இரண்டு ஓட்டை, மேற்கே ஒரு வேப்பங்கன்று, கூரைத் தண்ணீர் கிணற்றுக்குப் போக ஒரு குழாய், வாசலில் ஒரு சரிவு. இப்படித்தான் இருக்கும் அவர் வைத்தியம்.

தாராசுரத்தில் நெசவாளர்கள் சேர்ந்து வைத்திருந்த கூடத்தில் தகரத்தை எடுத்துவிட்டு, நடுநடுவே கண்ணாடி ஓடு வைத்து ஓடு போட வைத்தார், வாசலில் சரிவும் போட வைத்தார். அதிலிருந்து அங்கே பகலில் விளக்கில்லாமல் நூல் எண்ண முடிகிறது. நாகூர் போகிற வழியில் மூஸா மரைக்காயர் என்கிற பெரியவர், தர்காவுக்கு வருகிற நோயாளிகள் தங்குவதற்கென்றே ஒரு கூடம் நடத்திக்கொண்டிருந்தார். அதன் படிகள் முழங்கால் உயரம். இராஜாங்கம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இங்கே தங்க வேண்டுமென்றால் முதலில் நோய் தீர்ந்தாக வேண்டும் போலிருக்கிறதே பாய் என்றாராம். மரைக்காயர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் வேட்டியில் சிந்திவிட்டது. அடுத்த மாதமே அங்கே சரிவு வந்தது.

சரிவு போட்டால் மட்டும் போதாது, அதில் வண்டி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இராஜாங்கத்திடம் ஒரு ஆள் இருந்தது. அவருடைய அக்கா அம்சம். அரசாங்க முகாமில் கொடுத்த மூன்றுசக்கர வண்டி வைத்திருந்தாள். வண்டியைப் பஸ்ஸின் தலையில் ஏற்றி, அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். யாரும் தள்ளக் கூடாது. அவளே கையால் மிதியைச் சுற்றி மேலே ஏற வேண்டும். ஏறி நின்று, மூச்சு வாங்காமல் ஒரு வார்த்தை பேசினாளென்றால் சரிவு தேறிவிட்டது. நாகூர்க் கூடத்தில் அவள் ஏறிப்போய் ஜன்னலோரம் நின்று, காற்று நல்லா வருது பாய் என்றாள். மரைக்காயர் அவளுக்குச் சர்பத் கொடுத்தார். இப்படி அம்சம் ஏறாத பொதுக்கட்டடம் அந்தப் பக்கத்தில் இல்லை என்றே சொல்லலாம், ஒன்றே ஒன்றைத் தவிர. அது அவளுடைய சொந்த ஊர்ச் சங்கக் கட்டடம்.

அந்தக் கதையைச் சொல்லாமல் இராஜாங்கத்தைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

அம்சம் குமரியாக இருந்த காலம். அப்போதுதான் ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் புதுக்கொடி பறந்துகொண்டிருந்தது. மேடையெல்லாம் தமிழும் சமத்துவமும் ததும்பின. களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்கால் மட்டும் பழையபடியே இருந்தது. அகரவெளியில் பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்து, கூலியைக் கூட்டிக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். முன்னால் நின்றவர் இராஜாங்கத்தின் தகப்பனார் வீரையன். பண்ணைவீட்டுக்கு அவர்கள் போகிற வழி எப்போதும் கொல்லைப்பக்கம்தான். மாட்டுக்கொட்டகை ஓரமாக வந்து நிற்க வேண்டும். கஞ்சியானாலும் கூலியானாலும் ஏச்சானாலும் அங்கேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். முன்வாசல் தெருவில் அவர்கள் கால் வைத்ததில்லை. வாங்கப் போவது பிச்சை இல்லை, கூலி, அதனால் முன்வாசலில் போய்த்தான் கேட்பது என்று வீரையன் சொல்லிவிட்டார்.

அம்சம் அந்த வீட்டில் சிறுபிள்ளையிலிருந்து சாணி அள்ளியவள். அந்த வீட்டு மாடுகளில் எது முட்டும் எது முட்டாது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு முகம் எப்படியிருக்கும் என்று தெரியாது. அன்றைக்குத்தான் பார்த்தாள். கூட்டத்துக்கு முன்னால் போய் முதல் படியில் கால் வைத்தாள். வெளியூரிலிருந்து பணம் கொடுத்துக் கூட்டி வந்து உள்ளே உட்கார வைத்திருந்த ஆட்கள் இறங்கி வந்தார்கள். முதல் அடி அவள் இடுப்பில் விழுந்தது.

இராஜாங்கம் அப்போது நாகப்பட்டினத்தில் தங்கித் தொழில் படித்துக்கொண்டிருந்தார். சேதி தெரிந்து வந்தபோது அக்கா படுக்கையில் கிடந்தாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கோலை ஊன்றி இழுத்து இழுத்து நடப்பாள். காலைத் தூக்கி மேலே வைக்க வராது. அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலேயே கீற்று முடைந்து தம்பியைப் படிக்க வைத்தாள்.

சில வருஷம் கழித்துச் சங்கத்துக்கு ஒரு கட்டடம் எழும்பியது. வெள்ளத்துக்குப் பயந்து மேடு வைத்துக் கட்டினார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அது இல்லை. பண்ணைவீட்டுக்கு எத்தனை படியோ அதைவிட ஒரு படி கூட இருக்க வேண்டும் என்று வீரையன் ஒற்றைக்காலில் நின்றார். அம்சம் மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து, தரைக்குப் போடுகிற செங்கல் ஜல்லி முழுவதையும் உடைத்துக் கொடுத்தாள். கை காய்த்துப் போய்விட்டது. திறப்பு விழா அன்று எல்லாரும் அந்த உயரமான படிகளில் ஏறி உள்ளே போனார்கள். வீரையன் மேல் படியில் நின்று ஊரைப் பார்த்து அழுதார். மகளுக்கு நடந்ததை நினைத்து வீம்பாகக் கட்டிய படியில் மகளாலேயே ஏற முடியாது என்பது அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை.

அதிலிருந்து கூட்டம் என்றால் அம்சத்தின் இடம் வெளியே பூவரசமரத்தடிதான். உள்ளே பேசுவது காதில் விழும். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னால் அவளும் தூக்குவாள். உள்ளே தூக்கின கைகளை எண்ணுவார்கள். மரத்தடிக் கையை யாரும் எண்ணியதில்லை. தான் உடைத்த ஜல்லி எப்படி அமைந்திருக்கிறது, தரை வழவழவென்று இருக்கிறதா என்று கூட்டம் முடிந்து வருகிற பெண்களிடம் கேட்பாள். நல்லா இருக்கு அம்சம் என்று சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வீரையன் காலமாகி வெகுகாலம் கழித்து, மூன்றுசக்கர வண்டி வந்த பிறகுதான் இராஜாங்கம் சங்கத்தில் பேச்சை எடுத்தார். செயலாளர் செல்லதுரை கெட்ட மனுஷர் இல்லை. கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். ஆனால் படியில் கை வைக்கக் கூடாது என்றார். உங்க அப்பா கட்டினது, அதுதான் நமக்கு மரியாதை, அதுக்குப் பக்கத்தில்தான் கொடிமேடையும் இருக்கிறது, சரிவு வேண்டுமென்றால் பின்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது என்றார். இராஜாங்கமும் பார்த்தார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இழுக்க வேண்டும். முன்னால் சந்து ஒடுக்கம். பின்னால் தாராளமான இடம், நிழல் வேறு. அப்பா கட்டிய படியும் பிழைத்துப் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவருக்குச் சந்தோஷம்.

ஆசை ஆசையாகக் கட்டினார். நாகூரில் போட்டதைவிட அகலம், தாராசுரத்தில் போட்டதைவிட வழவழப்பு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. பின்சுவரில் புதுக் கதவு வைத்தார். அந்த வருஷப் போராட்ட நினைவு நாளில் அம்சம் உள்ளே வந்து உட்காருவாள் என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. அம்சம் தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு வண்டியில் வந்தாள். அவளோடு எப்போதும் மரத்தடியில் துணைக்கு உட்காருகிற காத்தாயி பக்கத்தில் நடந்து வந்தாள். சங்கத்து வாசலுக்கு வந்ததும் இராஜாங்கம், இப்படி வாக்கா என்று கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

சுவர் மூலையில் திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது.

"என்னக்கா, வண்டி ஓடலியா?"

"வண்டி ஓடுது."

"பின்ன என்ன?"

அம்சம் அந்தச் சரிவையே பார்த்தாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அந்த வீட்டுக்கு நான் கொல்லப்பக்கமாவே போயிப் போயி வளந்தேன். ஒரே ஒரு நாளு முன்பக்கமாப் போனேன். அதுக்குத்தான் இடுப்ப ஒடச்சாங்க. இப்ப நம்ம கட்டடத்துக்கும் என்னயக் கொல்லப்பக்கமாவே கூப்புடுறியே தம்பி."

இராஜாங்கம் எத்தனை ஊருக்கு வழி போட்டவர். அடி, அங்குலம், வாட்டம், வழுக்கல், நிழல், வெயில், எல்லாம் பார்த்தவர். எந்தப் பக்கம் என்பதை மட்டும் பார்க்கவில்லை. அப்பா செய்த அதே தவறை அப்பாவின் படியைக் காப்பாற்றப் போய்த் தானும் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அதற்குள் செல்லதுரை வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும், இதுக்கென்ன தோழர், முன்படியிலேயே நாலு பேர் உங்களைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார வைக்கிறோம் என்றார். மனசாரத்தான் சொன்னார்.

"நாலு பேரு என்னயத் தூக்குறது ஒரு தடவதான் தோழரே," என்றாள் அம்சம். "அதுக்கு இன்னும் நாளு இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு பூவரசமரத்தடிக்கே போனாள். அன்றைக்குக் கூட்டம் முழுக்க இராஜாங்கமும் உள்ளே போகாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

முன்பக்கத்துப் படியை எடுப்பது பற்றிச் சங்கத்தில் பல மாதம் பேச்சு நடந்தது. செல்லதுரை அசையவில்லை. படி என்பது வெறும் செங்கல் இல்லை, அது ஒரு நினைவுச்சின்னம் என்றார். கடைசியில், மரத்தடியை விட்டு அன்றைக்கு உள்ளே வந்திருந்த காத்தாயி எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. யார் நினைவுக்கு அந்தப் படியைக் கட்டியதோ அந்த ஆள் சாகவில்லை, வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொடிமேடையைத் தள்ளி வைப்பது, படியை எடுப்பது, சந்துக்குள் அடங்குகிற மாதிரி சரிவை மடக்கிப் போடுவது, கடைசியில் ஓரமாகச் சின்னப் படி கட்டிக்கொள்வது என்று தீர்மானம் ஆனது.

தீர்மானம் ஆனதோடு வேலை ஆகிவிடுமா? குறுவை அறுப்பில் ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் சம்பா நடவு. வேலையைத் தொடங்கிப் படியைப் பெயர்த்துப் போட்டதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெயர்த்த பழைய செங்கல்லையே சுத்தம் செய்து சரிவுக்கு அடியில் அடுக்கினார் இராஜாங்கம். மழை விட்ட நேரத்தில் தானே சாந்து குழைத்தார். முன்வாசலில் படி இல்லாததால் அத்தனை நாளும் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் கொல்லைப்பக்கத்துச் சரிவு வழியாகத்தான் உள்ளே போய் வந்தார்கள். ஒருநாள் செல்லதுரை வெளியே வந்து, வேலை செய்துகொண்டிருந்தவர் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். இந்த வழியாகப் போய் வருவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது ராஜாங்கம் என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜல்லி அள்ளிக் கொடுத்தார்.

அம்சத்துக்கு அந்த மழையில் காய்ச்சல் கண்டது. மாத்திரைக்கு விடும், மறுபடி வரும். இருமல் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தும் தேறவில்லை. இராஜாங்கம் வேலை முடிந்து தினமும் அக்கா வீட்டுக்குப் போவார். எவ்வளவு ஆச்சு என்று கேட்பாள். இவர் சொல்வார். திருப்பம் போட்டாச்சு என்றால் கண்ணை மூடி அதை மனசுக்குள் ஏறிப் பார்ப்பவள் போலக் கொஞ்ச நேரம் இருப்பாள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் மேல்பூச்சு முடிந்தது. ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு இராஜாங்கம் ஓடினார். முடிஞ்சிருச்சுக்கா, இனி ஆற வேண்டியதுதான் பாக்கி, தை பிறந்ததும் நீ முன்பக்கமா ஏறலாம் என்றார். அம்சம் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சிமெண்டு தின்று விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. காத்தாயியிடம் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி, படுத்தபடியே தடவிவிட்டாள். தரை நல்லா இருக்கா தம்பி என்று கேட்டாள். நீயே வந்து பாரேன் என்றார் இராஜாங்கம். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார்.

விடிந்தபோது அம்சம் இல்லை.

சங்கத்துக் கொடியைப் போர்த்தித் தூக்கினார்கள். பறைச்சத்தத்தோடு தெருவைத் தாண்டிச் சங்கத்து வாசலுக்கு வந்ததும் செல்லதுரை கையைக் காட்டி நிறுத்தினார். தோழரைக் கொஞ்ச நேரம் உள்ளே வைக்க வேண்டும் என்றார். எல்லாருக்கும் அதே எண்ணம்தான். ஆனால் முன்னால் படி இல்லை. சரிவு சாக்குக்கு அடியில் ஈரமாகக் கிடந்தது. காலை வெயில் வரவில்லை, மிதித்தால் பதியும். உள்ளே போக இருந்தது ஒரே வழி.

"ராஜாங்கம், கஷ்டப்பட்டு போட்டது வீணாப் போயிடும்பா," என்றார் செல்லதுரை. "பின்னாடி..." என்று தொடங்கினார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

இராஜாங்கம் குனிந்து ஈரச்சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் போட்டார். அவர் கட்டிய எந்தச் சரிவிலும் ஆறுவதற்கு முன்னால் ஒரு கோழியைக்கூட ஏற விட்டதில்லை.

"முன்பக்கமாவே வரட்டும் தோழர்," என்றார்.

நாலு பேர் அம்சத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாரத்தில் அவர்கள் கால் ஒவ்வொரு அடியிலும் பூச்சுக்குள் புதைந்தது. திருப்பத்தில் ஒரு தடவை நிதானித்து மறுபடி ஏறினார்கள். உள்ளே கொண்டுபோய், அவள் உடைத்த ஜல்லி போட்ட தரையில் அவளைக் கிடத்தினார்கள். காத்தாயி தரையைக் கையால் தடவித் தடவி அழுதாள். நல்லா இருக்குடி, பாரு, நல்லா இருக்குடி என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்தக் கால்தடங்களை அப்படியே விட்டுவைக்கலாம், அம்சத்தின் ஞாபகமாக இருக்கட்டும் என்று சங்கத்தில் சிலர் சொன்னார்கள். இராஜாங்கம் கேட்கவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வண்டியில் இருக்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்கும் என்றார். ஒவ்வொரு தடத்தையும் கொத்தி, அடைத்து, பூசி, மறுபடி சாக்குப் போட்டு மூடினார். இந்தத் தடவை நன்றாக ஆறவிட்டார்.

தை பிறந்து ஒருநாள் காலை அக்கா வீட்டுக்குப் போய் மூன்றுசக்கர வண்டியை எடுத்து வந்தார். சரிவு போட்டால் வண்டி ஏற்றிப் பார்க்க வேண்டும், அது அவர் வழக்கம். சங்கத்து வாசலில் யாரும் இல்லை. சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி, பின்னால் கை வைத்துத் தள்ளினார். எங்கேயும் தட்டவில்லை, திருப்பத்தில் இடிக்கவில்லை. வாட்டம் சரியாகத்தான் இருந்தது. ஒற்றைக் கையால் தள்ளியே வண்டி மேலே போய்விட்டது. ஆள் இல்லாத வண்டிக்கு என்ன பாரம்.